இரு காமிராக்கள்

மனிதனின் நினைவு நாளடைவில் மங்கும் இயல்புடையது. குழந்தையின் முதல் நடை, முதியோரின் முகம், உடன்பயின்றோர் ஒருங்கு கூடிய நாள் ஆகியவை ஒருமுறை நிகழ்ந்து மறைவன. அவற்றை மறையாமற் காத்துத் தரும் கருவியே காமிரா. பிற பொருள்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டுமே வீணாகும். காமிராவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ, பணத்தோடு மீண்டும் வாராத காட்சியும் வீணாகும். ஆதலின், அதனை வாங்க விரும்புவோர் விளம்பரத்தைக் கண்டு மயங்காமல், அதன் இயல்பை அறிந்து, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுத் தெளிதல் வேண்டும்.

முற்காலக் காமிராக்களில் ஒளியைப் பதிவு செய்தது பிலிம் சுருள் ஆகும். இக்காலத்து டிஜிட்டல் காமிராவில் அவ்வேலையைச் செய்வது சென்சார் எனப்படும் சிறு தகடு. இதனை உணர்தகடு என்று கூறலாம். ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் படமாக்கும் சி.சி.டி. என்னும் உறுப்பை, 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அதன்பொருட்டு 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 1975ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்துப் பொறியாளரான ஸ்டீவன் சாஸன் என்பவர், அவ்வகை உறுப்பைக் கொண்டு பிலிம் இல்லாத காமிரா ஒன்றை அமைத்தார். அஃது ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அப்படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே.

டிஜிட்டல் படம் முழுவதும் இத்தகைய புள்ளிகளால் ஆனது. அப்புள்ளியைப் பிக்சல் என்பர். பத்து இலட்சம் பிக்சல்கள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். நெருங்கி இட்ட புள்ளிகளாற் கோலம் அமைவதுபோல, நெருங்கிய பிக்சல்களாற் படம் அமைகிறது. புள்ளிகள் பெருகினால் நுண்ணிய கூறுகள் தெளிவாகும் என்பது உண்மையே. இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, மெகாபிக்சல் மிக்க காமிராவே சிறந்த காமிரா என்று வணிகர் கூறலாயினர். வாங்குவோரும், பெட்டியின்மேற் பொறித்துள்ள அந்த ஓர் எண்ணை மட்டும் நோக்கித் தெரிவு செய்யலாயினர். அவ்வெண் எவ்வளவு உண்மை உரைக்கும்? 2008ஆம் ஆண்டில் வெளிவந்த இரு காமிராக்களை ஒப்பிட்டால் இது விளங்கும்.

அவற்றுள் ஒன்று, கேனன் நிறுவனத்தின் ‘பவர்ஷாட் ஜி 10’. மற்றொன்று, பானசோனிக் நிறுவனத்தின் ‘லூமிக்ஸ் எல்.எக்ஸ். 3’. இரண்டும் சப்பானிய நிறுவனங்களின் படைப்புகள். ஒளிப்படக் கலையில் ஆர்வமுடையோர்க்கென்றே அமைக்கப்பட்ட சிறு காமிராக்கள். அந்நாளில், இவ்விரண்டனுள் எதனை வாங்குவது என்று எண்ணி மயங்கினோர் பலர். ஜி 10 கருவியின் படத்தில் 14.7 மெகாபிக்சல்கள் உள்ளன. அஃதாவது, ஏறத்தாழ 1 கோடியே 47 இலட்சம் புள்ளிகள். எல்.எக்ஸ். 3 கருவியில் உள்ளவை 10.1 மெகாபிக்சல்களே. எண்ணை மட்டும் நோக்குவார்க்கு ஜி 10 கருவியே மேலானதாகத் தோன்றும்.

ஆயினும், அவ்வெண்ணைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். புள்ளிகளின் மொத்தத் தொகையில் வேறுபாடு நூற்றுக்கு 45 அளவில் உள்ளது. ஆனால், படத்தின் நுட்பத்தைக் காட்டுவது ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் தொகையாகும். ஜி 10 படத்தின் அகலத்தில் 4,416 புள்ளிகளும், எல்.எக்ஸ். 3 படத்தின் அகலத்தில் 3,648 புள்ளிகளும் உள்ளன. இவ்வேறுபாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. நீளம், அகலம் ஆகிய இரண்டிலும் நுட்பம் இரு மடங்காக வேண்டுமெனில், புள்ளிகள் நான்கு மடங்காதல் வேண்டும். மேலும், ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள படத்தை அச்சிட, ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் போதும். ஏ4 தாள் அளவிற்கு 87 இலட்சம் புள்ளிகள் போதும். இல்லங்களில் அச்சிடப்படும் படங்களுக்கு இரு காமிராக்களும் போதியனவே.

புள்ளிகள் பெருகுவதால் விளையும் குறை ஒன்றும் உண்டு. இரு காமிராக்களின் உணர்தகடுகளும் ஏறக்குறைய ஒரே பரப்புடையவை. ஒவ்வொன்றும் 43 சதுர மில்லிமீட்டர் அளவினதே. பழைய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். உணர்தகட்டின் பரப்பு அதில் இருபதில் ஒரு பங்குதான். இச்சிறு பரப்பில் ஒரு கோடிக்கு மேற்பட்ட நுண்குழிகள் ஒளியை ஏற்கக் காத்திருக்கின்றன. மழை பெய்யும்போது முற்றத்தில் பாத்திரங்களை வரிசையாக வைத்தால், வாய் அகன்ற பாத்திரத்தில் மிகுந்த நீரும், வாய் குறுகிய பாத்திரத்தில் குறைந்த நீரும் சேரும். அதுபோலவே, முற்றம் ஒன்றாயிருக்கப் பாத்திரங்களின் தொகையைப் பெருக்கினால், ஒவ்வொரு பாத்திரமும் சிறிதாதல் தவிர்க்க முடியாதது. ஜி 10 கருவியின் நுண்குழி ஒவ்வொன்றும், எல்.எக்ஸ். 3 கருவியின் நுண்குழியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பரப்பே உடையது.

பெருமழையில் சிறு பாத்திரமும் நிறையும். அதுபோல், நல்ல வெயிலில் இக்குறை தோன்றாது. ஒளி குறைந்த இடத்திலோ, குழியில் விழும் சிறிதளவு ஒளியால் உண்டாகும் மின்குறியைக் காமிரா பெருக்கிக் காட்ட வேண்டியுள்ளது. பெருக்குங்கால் பிழைகளும் உடன் பெருகும். அதனால், படத்தின்மேல் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றைக் கருவி தானே துடைக்க முயலும்போது, தலைமயிர், துணியின் இழை முதலிய நுண்ணிய கூறுகளும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன. மிகுதியான புள்ளிகளுக்காகக் கொடுத்த விலை, விளக்கொளியில் இவ்வாறு பயனற்றுப்போகும்.

இனி, லென்ஸ் எனப்படும் வில்லையைக் காண்போம். வில்லையின் துளை எவ்வளவு அகலத் திறக்கும் என்பதைத் துளை எண் காட்டும். எண் சிறிதாயின் துளை பெரிது. காட்சியை மிக அகலமாகக் காட்டும் நிலையில் ஜி 10 கருவியின் துளை எண் 2.8, எல்.எக்ஸ். 3 கருவியின் துளை எண் 2.0. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், துளை எண் 2.0 உள்ள வில்லை மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைத் தகட்டின்மேல் விழச் செய்யும். விளக்கொளி உள்ள அறையில் எல்.எக்ஸ். 3 கருவி விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்தால், அதே ஒளியைப் பெற மற்றதற்குப் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் தேவை. அந்நேரத்திற்குள் ஓடியாடும் குழந்தை தன் இடத்தினின்றும் நகர்ந்துவிடும். படத்தில் முகம் கலங்கித் தோன்றும். கை நடுக்கத்தைச் சீர்செய்யும் அமைப்பு இரு காமிராக்களிலும் உண்டு. ஆனால், அவ்வமைப்பு படம் எடுப்பவரின் அசைவைத் தடுக்குமேயன்றி, எடுக்கப்படுபவரின் அசைவைத் தடுக்காது.

இவற்றைக் கொண்டு ஜி 10 தாழ்ந்த காமிரா என்று முடிவு செய்தலும் தவறேயாம். அதன் வில்லை தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவதில் வல்லது. 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவின் கணக்கில் அதன் குவியத் தொலைவு 28 முதல் 140 மில்லிமீட்டர் வரை செல்லும். அஃதாவது, ஐந்து மடங்கு பெரிதாக்கும். எல்.எக்ஸ். 3 கருவியின் எல்லை 24 முதல் 60 மில்லிமீட்டர் வரையே. அது பெரிதாக்குவது இரண்டரை மடங்கே. மரக்கிளையில் அமர்ந்த பறவை, கோபுரத்தின் உச்சியிலுள்ள சிற்பம் முதலியவற்றை எடுக்க ஜி 10 கருவியே ஏற்றது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம் ஒன்றும் அதில் உண்டு. நண்பகல் வெயிலில் பின்புறத் திரை சரிவரத் தெரியாதபோது அச்சாளரம் பெரிதும் உதவும். நல்ல வெளிச்சத்தில் அதன் மிகுதியான புள்ளிகளும் தம் பயனைத் தரும்.

எல்.எக்ஸ். 3 கருவியோ அகன்ற காட்சிக்கு ஏற்றது. 24 மில்லிமீட்டர் நிலையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை ஏறத்தாழ 84 பாகை அளவும், 28 மில்லிமீட்டர் நிலையில் 75 பாகை அளவும் காட்சி அடங்கும். சிறிய அறையில் பின்னே செல்ல இடமின்றிச் சுவரோடு நிற்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. குடும்பத்தார் அனைவரும் படத்தில் அடங்குவதும், ஓரத்தில் நிற்பவர் விடுபடுவதும் இதனைப் பொறுத்தவை. எடையிலும் அது குறைந்தது. மின்கலம் இல்லாமல் ஜி 10 ஏறத்தாழ 350 கிராம் இருக்க, எல்.எக்ஸ். 3 ஏறத்தாழ 230 கிராமே இருக்கும். ஆனால், அதன் வில்லை மூடியைக் கையாற் கழற்றவும் மாட்டவும் வேண்டும். மூடியை மறந்து தொலைத்துவிட்டால் வில்லைக்குக் காப்பு இல்லை. ஜி 10 கருவியில் மூடி தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். இவை சிறு செய்திகளே எனினும், நாள்தோறும் பயன்படுத்துவோர் உணரத்தக்கவை.

எனவே, ‘இரண்டனுள் எது சிறந்தது?’ என்ற வினாவிற்கு விடை காமிராவில் இல்லை. அதனை வாங்குவோரின் தேவையில் உள்ளது. பறவைகளையும் பகலிற் காணும் மலைக்காட்சிகளையும் விரும்புவோர்க்கு ஜி 10 பொருந்தும். மாலை வேளையில் இல்லத்திலும் மண்டபத்திலும் கூடுவோரைப் படம் எடுக்க விரும்புவோர்க்கு எல்.எக்ஸ். 3 பொருந்தும். முன்னவர் பின்னதை வாங்கினாலும், பின்னவர் முன்னதை வாங்கினாலும் இருவரும் வருந்துவர். குறை கருவியினதன்று; தேர்வினதே.

இவ்வொப்புமைக்குச் சான்றாகப் பின்னர் நிகழ்ந்தது ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் கேனன் நிறுவனம் ஜி 11 என்னும் அடுத்த காமிராவை வெளியிட்டது. அதன் வில்லையின் எல்லையும் துளை எண்ணும் முன்போலவே இருந்தன. உணர்தகட்டின் பரப்பும் மாறவில்லை. ஆயின், மெகாபிக்சல் 14.7 இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுதோறும் எண்ணைப் பெருக்கியே விற்ற நாளில், மங்கிய ஒளியிலும் நல்ல படம் வேண்டும் என்பதற்காக, உற்பத்தி செய்தோரே எண்ணைக் குறைத்தனர்.

அவ்விரு காமிராக்களும் இன்று புதியனவாக விற்கப்படுவதில்லை. கைப்பேசியிலேயே காமிரா அமைந்தபின் சிறு காமிராக்களின் விற்பனை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும், அவை கற்பித்த பாடம் பழையதாகவில்லை. 48 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் கைப்பேசிகள் பல, நந்நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே இயல்பாகத் தருகின்றன. சிறு பாத்திரங்கள் நான்கில் விழுந்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றுவது போன்ற செயலே அது.

ஆதலால், காமிராவோ கைப்பேசியோ வாங்க விரும்புவோர் முதலில் தம் தேவையை வரையறுத்தல் வேண்டும். எதனைப் படம் எடுப்பது, எந்த ஒளியில் எடுப்பது, எவ்வளவு பெரிதாக அச்சிடுவது என்னும் மூன்றையும் எண்ணுதல் வேண்டும். பின்னர், உணர்தகட்டின் பரப்பு, வில்லையின் துளை எண், குவியத் தொலைவின் எல்லை, எடை, விலை ஆகியவற்றை ஒரு தாளில் இரு பத்திகளாக எழுதி ஒப்பிடல் வேண்டும். இயலுமாயின் இரண்டையும் கையில் எடுத்து, ஒரே இடத்தில், ஒரே மங்கிய ஒளியில், ஒரே பொருளைப் படம் எடுத்துப் பார்த்தல் நலம். கடையின் ஒளிமிக்க விளக்கின்கீழ் எல்லாக் காமிராவும் நல்ல காமிராவாகவே தோன்றும்.

எண் அளவைக் காட்டும். தகுதியைக் காட்டுவது ஆராய்ச்சியே. பெட்டியின்மேல் உள்ள பெரிய எண்ணைக் கண்டு வாங்கியவர், மங்கல விளக்கின் ஒளியில் எடுத்த படத்தில் முகம் தெரியாது வருந்துவர். தம் தேவையை அறிந்து ஒப்பிட்டு வாங்கியவரோ, ஆண்டுகள் பல சென்ற பின்னும் அம்முகத்தைத் தெளிவுறக் கண்டு மகிழ்வர்.