ஸ்பிரிங்கை மாத்தாதீங்க பாஸ்!

தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில பலூன் சுட்டிருப்பீங்க. அந்தத் துப்பாக்கிக்கும் ஜெர்மனியின் வைஹ்ராவ்க் எச்.டபிள்யூ. 97-க்கும் தத்துவம் ஒண்ணுதான். அமுங்கின ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அமுக்கும், காற்று பெல்லட்டைத் தள்ளும். ஆனா 97-ல குழல் மடங்காது, அடியில இருக்குற லீவரை இழுக்கணும். அதனால குழலும் ஸ்கோப்பும் ஒரே நேர்ல நிக்கும். ட்ரிகரையும் நம்ம விரலுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம்.

வாங்கினதும் எல்லாருக்கும் வர்ற ஆசை: இன்னும் பலமான ஸ்பிரிங்! இங்கதான் நியூட்டன் குறுக்கே வர்றார். பிஸ்டன் முன்னால பாயும்போது துப்பாக்கி பின்னால உதைக்கும். பிஸ்டன் நிக்கும்போது முன்னால குதிக்கும். பெல்லட் குழலை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே இந்த ஆட்டம் தொடங்கிடும். ஸ்பிரிங் பலமானா ஆட்டமும் கூடும், குறி தப்பும்.

சட்டமும் இருக்கு. லைசென்ஸ் இல்லாம வச்சுக்க 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் வரைதான். அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 280 மீட்டர்ல போனாலே 19.6 ஜூல். (அரை எம்வி ஸ்கொயர், போட்டுப் பாருங்க.)

காசை வேற இடத்துல போடுங்க. ஸ்பிரிங்குக்குள்ள இறுக்கமா உட்கார்ற கைடு போட்டா அதிர்வு அடங்கும். கிரீஸ் அளவாதான். காற்று அறைக்குள்ள எண்ணெய் போனா டீசல் இஞ்சின் மாதிரி பத்திக்கும், சீல் போயிடும். நாலஞ்சு வகை பெல்லட் வாங்கி பேப்பர்ல மட்டும் சுட்டுப் பாருங்க. மயில் மேல கை வச்சா 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். பிடியும் இறுக்கமா வேணாம். முன்கையில லேசா வச்சு, அது போக்குல உதைக்க விடுங்க.