கருப்பசாமியும் மனநல மருத்துவமும்

தகவல் துளி.

அமெரிக்காவின் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங், 'தி டார்க் டவர்' நாவல் வரிசையின் முதல் தொகுதியை 1982-இல் வெளியிட்டார். துப்பாக்கி வீரன், மந்திரவாதி, பேசும் இயந்திரம் மூன்றும் ஒரே கதைக்குள் உலவும். ஏழாம் தொகுதி 2004-இல்தான் வந்தது.

பல வகைக் கதைகளைக் கலக்கும் இந்தக் கலையில் தமிழில் பேர் போனவர் இந்திரா சௌந்தர்ராஜன். சேலத்தில் 1958-இல் பிறந்து, மதுரையில் வாழ்ந்தவர். இயற்பெயர் சௌந்தர்ராஜன், முன்னால் இருக்கும் 'இந்திரா' அவருடைய தாயாரின் பெயர்.

சித்தர்கள், நவபாஷாண லிங்கம், காவல் தெய்வங்கள் ஆகியவைதான் அவருடைய கதைக்களம். ஆனால் ஒவ்வொரு கதையும் துப்பறியும் நாவலின் வேகத்தில் ஓடும். 1990-களில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் வீடு வீடாக அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் வந்த 'விடாது கருப்பு', அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவலிலிருந்து பிறந்தது. தப்புச் செய்தவர்களைக் குதிரையேறி வந்து தண்டிப்பது கருப்பசாமியா, மனிதரா? ஊரார் சாமி என்கிறார்கள். கதையோ பிளவுண்ட ஆளுமை என்ற மனநலச் சிக்கலையும் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது.

சுடலைமாடனுக்குக் கொடை நடத்தும் ஆத்தூர், திருச்செந்தூர் வட்டாரத்து நேயர்களுக்கு இந்தக் காவல் தெய்வ உலகம் புதிதல்ல.

'என் பெயர் ரங்கநாயகி' நாவலுக்குத் தமிழக அரசின் பரிசு பெற்ற இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பர் 10-ஆம் தேதி மதுரையில் காலமானார்.