ஆண்டிஸ் மலையின் செம்மலர்

தோட்டக் கண்காட்சிகளில் பிகோனியாத் தொட்டிகளின் முன்னே கூட்டம் கூடி நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். மெழுகு பூசினாற்போன்ற இதழ்கள். ஒரு பாதி பெருத்து மறு பாதி சிறுத்த கோணல் இலைகள். இம்மலரின் பூர்வீகத்தை விசாரிப்போர் மிகச் சிலரே.

தென் அமெரிக்காவில், பொலிவியா தேசத்தில், ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவுகளில் மூடுபனி தவழும் வனங்கள் உண்டு. அங்கே வளர்வது ‘பிகோனியா பொலிவியென்சிஸ்’. மழையற்ற மாதங்களில் தண்டும் இலையும் மடிந்துபோகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் துளிர்த்து, செக்கச்செவேலென்று மலர்களைத் தொங்கவிடும். ரீங்காரச் சிட்டுகள் தேனுக்காக அவற்றை நாடி வரும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே செடியில். இதழ்களுக்குப் பின்னே மூன்று சிறகுள்ள சூலகம் இருந்தால் அது பெண் பூ. விதையோ வெறும் தூசி!

இனி, பெயர்களைப் பார்ப்போம். ‘பிகோனியா’ என்பது கரீபியன் தீவுகளில் பிரெஞ்சு அரசின் உயர் அதிகாரியாயிருந்த மிஷேல் பெகோனைக் கௌரவிக்க ப்ளூமியே என்ற பாதிரியார் இட்ட பெயர். இதே மலைத்தொடரின் வேறிரு இனங்களுள் ஒன்றுக்கு இங்கிலாந்தின் வீச் கம்பெனியார் பெயர். மற்றொன்றுக்கு அக்கம்பெனியின் ஊழியர் ரிச்சர்ட் பியர்ஸின் பெயர். கெச்சுவாவும் ஐமாராவும் பேசும் மலைவாசிகளின் மொழியிலிருந்து ஓர் எழுத்துக்கூட இவற்றில் ஏறவில்லை. நம் செம்மலர் ஒன்றே சற்றுப் பாக்கியசாலி. ஸ்பானிய ஆட்சியை முறியடித்த சிமோன் பொலிவாரின் பெயரை 1825-ல் அந்நாடு சூடிக்கொண்டது. நாட்டின் பெயரை மலர் பெற்றது. அப்பெயரை 1859-ல் இட்டவர் தெகாந்தோல் என்னும் சுவிஸ் தாவர நூலார்.

இச்செடியை முதலில் கண்டெடுத்த வெடல், சிங்கோனா மரங்களை ஆராயப் போனவர். (1860-களில் நம் நீலகிரிக்கு வந்த அதே சுர மருந்து மரம்.) உயிருள்ள செடியை 1864-ல் இங்கிலாந்து சேர்ப்பித்தவர் பியர்ஸ். 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அது பெரும் புகழ் பெற்றது. கம்பெனியின் தோட்டக்காரர் ஜான் சீடன், அதை மற்றோர் ஆண்டிஸ் இனத்துடன் கலந்து புதுச் செடி உண்டாக்கினார். இன்று தொட்டிகளில் காணும் பெரும்பூக் கிழங்குப் பிகோனியாக்களின் வம்சம் அங்கே தொடங்கியது. அவற்றின் மஞ்சள் நிறம், பியர்ஸின் பெயர் தாங்கிய இனம் தந்த சீதனம்.

அந்த முதல் கலப்பினம் 1870-ல் விற்பனைக்கு வந்தபோது, பியர்ஸ் பனாமாவில் மாண்டு இரண்டு ஆண்டுகளாகியிருந்தன.