கலங்களின் இடமும் இரப்பர்ப் பட்டையும்

பலவகைக் கலங்கள் செறிந்த இழையத்தில் ஒவ்வொரு வகையும் தன் இனத்தோடு கூடித் தனியிடம் கொள்வது எவ்வாறு? விலங்குகளிற் கிடைத்த விடை வியப்பூட்டுவது. 1907இல் அமெரிக்கரான எச். வி. வில்சன் கடற்பஞ்சொன்றைப் பட்டுத்துணியிற் பிழிந்து கலங்களாகப் பிரித்தார். அவை ஊர்ந்து கூடி மீண்டும் கடற்பஞ்சாயின. 1955இல் டவுன்சும் ஹோல்ட்பிரிட்டரும் ஈரூடகவாழிகளின் முளையக் கலங்களைக் கலந்துவைத்தனர். தோலுக்குரியவை வெளியேயும் நரம்புக்குரியவை உள்ளேயும் சென்றமைந்தன. எண்ணெயும் நீரும் பிரிவதுபோல, ஒட்டுந்திறனின் ஏற்றத்தாழ்வே காரணமென 1960களில் ஸ்ரைன்பேர்க் விளக்கினார். ஒட்டலுக்குரிய புரதங்களான கதெரின்களை யப்பானியரான தக்கேயிச்சி பின்னர் இனங்கண்டார்.

தாவரத்தில் இவ்விடை செல்லாது. தடித்த சுவர் ஒவ்வொரு கலத்தையும் அயற்கலத்தோடு பிணைத்துவிடுகிறது. பிறந்த இடமே வாழுமிடம். அங்கு ஒழுங்கு நகர்வால் வருவதன்று, பிறப்பின் முறையால் வருவது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிற்கும் இரப்பர் மரம் இதற்கு நல்ல சான்று.

மரத்துக்கும் பட்டைக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. அது உட்புறம் காழையும் வெளிப்புறம் உரியத்தையும் ஈனுகிறது. உரியத்தில் இடையிடையே ஒரு வரிசைக் கலங்கள் பாற்கலங்களாக வேறுபடுகின்றன. அடுத்தடுத்தவற்றின் இடைச்சுவர் கரைய, வலைபோன்ற குழாய்த் தொகுதி உருவாகிறது. ஒரு வளையத்துக் குழாய்கள் தமக்குள் இணைந்தவை. அடுத்த வளையத்தோடு பொதுவாக இணையாதவை. ஆகவே பால் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த உருளைகளில் நிற்கிறது. குழாய்கள் சற்றே வலஞ்சாய்ந்து ஏறுவதாலேயே வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்குகிறது.

இனி, பால்வெட்டுவோரின் இக்கட்டு. வளையங்கள் மிகுதியாகச் செறிந்திருப்பது மாறிழையத்தை அடுத்த உட்பட்டையில். கத்தி ஆழப் போகப் போகப் பால் கூடும். ஆனால் மாறிழையத்துக்கு வெளியே ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் பட்டையை விட்டுவைத்தாக வேண்டும். விடியுமுன் மங்கிய வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் தடிப்பு மாறும் பட்டையில், இவ்வளவைக் கை உணர வேண்டும். இதனைப் பயிற்சி வேண்டாத உடலுழைப்பென வகுப்போர் அக்கத்தியை ஒருமுறையேனும் பிடித்துப் பார்க்கலாம். அன்றாடக் கூலி கொண்டுவரும் பாலின் நிறையோடு கட்டப்பட்டுள்ள இடத்தில், அந்த 1 மில்லிமீற்றரைக் காப்பவர் தம் வருவாயையே குறைத்துக்கொள்கிறார்.

மாறிழையம் காயமுற்றால், கடற்பஞ்சின் கலங்களைப்போல அயற்கலங்கள் ஊர்ந்து வந்து வரிசையை மீட்பதில்லை. சுற்றுக்கலங்கள் பிரிந்து பெருகிப் புண்ணை மூடுகின்றன. அவ்விடத்துப் பட்டை முடிச்சும் மேடுமாக எழுகிறது. சில ஆண்டுகள் கழித்து, புதுப்பட்டையென்று அதே பக்கத்தில் மீண்டும் வெட்டத் தொடங்கும்போது, கத்தி அம்முடிச்சுகளில் தடுக்குகிறது. அன்று வெட்டுபவர் பெரும்பாலும் வேறொருவர்.