ஆட்டுக்கொட்டகையிலிருந்து கிளம்பிய குரல்

1931 கிறிஸ்துமஸ் நாள். ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் ஒரு வீட்டுக் கூடம். மிஷனரி கிளாரன்ஸ் ஜோன்ஸ் டிராம்போன் ஊதுகிறார், அவர் மனைவி ஆர்கன் வாசிக்கிறார், நண்பர் ரூபன் லார்சன் ஸ்பானிஷ் மொழியில் பிரசங்கிக்கிறார். ஒலிபரப்புக் கருவி இருந்ததோ வெளியே, ஆடுகளை அடைத்து வைத்திருந்த பழைய கொட்டகையில். அதைக் கேட்கக்கூடிய ரேடியோப் பெட்டிகளை அன்றைய ஈக்வடாரில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எச்.சி.ஜே.பி. என்ற அந்த நிலையம் 'ஆண்டிஸின் குரல்' என்று பெயர் பெற்றது. நற்செய்தி அறிவிப்பதற்காகவே பிறந்த வானொலிகளில் அது முன்னோடி. சுற்றிலும் மலை, அருகிலேயே நிலநடுக்கோடு. அலைகள் எடுபடாது என்று பலர் எச்சரித்த இடம் அது. ஈக்வடார் அரசு 25 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஊழியர்கள் துணிந்து இறங்கினார்கள்.

சிக்கல் வேறு வடிவில் வந்தது. கீட்டோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. நிலையத்தின் சக்தியைக் கூட்டியதும் ஆன்டெனாவின் முனைகளில் மின்சாரம் காற்றுக்குள் கசிந்தது. இரவில் முனைகள் தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்தன, அலுமினியம் உருகித் துண்டு துண்டாக விழுந்தது. 1942இல் கிளாரன்ஸ் மூர் என்ற பொறியாளர் போசோர்ஹா என்ற கடலோர மீனவ ஊருக்கு விடுமுறையில் போனவர், கையோடு வானொலிப் புத்தகங்களையும் எடுத்துப்போய் அங்கே இதையே யோசித்துக்கொண்டிருந்தார். முனைதானே பிரச்சினை, முனையே இல்லாத ஆன்டெனா இருந்தால்? கம்பியைச் சதுர வளையமாக மூடிவிட்டார். 'கியூபிகல் குவாட்' என்ற அந்த வடிவத்தை ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் உலகமெங்கும் இன்றும் கட்டுகிறார்கள். பிரசங்கம் தடைபடாமல் போய்ச்சேர வேண்டும் என்ற கவலையில் பிறந்த கண்டுபிடிப்பு அது.

அந்தக் குரல் பிறகு சிற்றலையில் கண்டங்களைக் கடந்தது. 1955இல் நிலையத்தார் கீட்டோவில் வோசாண்டெஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். பெயரிலேயே வானொலி இருக்கிறது: 'வோஸ்' என்றால் குரல். வானொலியில் அன்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நோயாளியின் கட்டிலருகிலும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதுவே அந்த ஊழியத்துக்கு மரியாதையையும் தேடித் தந்தது.

ஆனால் உள்ளூர் வானொலியின் உண்மையான வலுவைப் பார்க்கக் கீட்டோவுக்குத் தெற்கே சிம்போராசோ மாகாணத்துக்குப் போக வேண்டும். பனிமலை அடிவாரத்தில் கிச்சுவா மொழி பேசும் பழங்குடி உழவர்கள் வாழும் பகுதி அது. பெரும்பண்ணைகளில் கொத்தடிமைபோல் உழைத்தவர்கள். பலருக்கு எழுத்து தெரியாது. எழுத்தறியாதவர்களுக்கு ஈக்வடாரில் வாக்குரிமையும் இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியல் சாசனம்தான் அதைக் கொடுத்தது.

1960களின் தொடக்கத்தில் கோல்டா ஏரிப் பக்கம் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் ஒரு சிறு நிலையத்தை நடத்தி, கிச்சுவாவிலேயே வேதத்தையும் பாடல்களையும் ஒலிபரப்பினார்கள். பண்ணைக்காரனும் அதிகாரியும் ஸ்பானிஷில் அதட்டுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, வீட்டில் பேசும் பேச்சு பெட்டியிலிருந்து வருவது எப்படி இருந்திருக்கும்! சிம்போராசோவில் கிச்சுவா சபைகள் பெருகியதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் இந்த வானொலிக்கு முக்கியமான இடம் இருக்கிறது.

அதே மாகாணத்தில், 1962இல், ரியோபாம்பாவின் கத்தோலிக்க ஆயர் லியோனிதாஸ் புரோவாஞ்யோ 'மக்கள் வானொலிப் பள்ளிகள்' தொடங்கினார். கிராமத்தில் ஒரு ரேடியோ, ஒரு கரும்பலகை, ஓரளவு படித்த ஓர் இளைஞர். காற்றில் ஆசிரியரின் குரல் வரும். எதிரே உட்கார்ந்தவர்கள் எழுத்துக் கூட்டுவார்கள். கொலம்பியாவின் சுட்டாடென்சா கிராமத்தில் ஹோசே ஹோவாகின் சல்செடோ என்ற பாதிரியார் 1947லேயே வானொலிக் கல்வியைத் தொடங்கி வழிகாட்டியிருந்தார். புரோவாஞ்யோ எழுத்தோடு நிறுத்தவில்லை. மறைமாவட்ட நிலங்களையும் உழவர்களுக்குப் பகிர்ந்தார். அவருடைய வானொலி நிறுவனம் பிற்காலத்தில் அந்த உழவர்களோடு சேர்ந்து இயற்கை முறையில் கினோவா தானியம் விளைவித்து ஏற்றுமதிக்கும் வழி செய்தது.

இரு சபைகளுக்கும் இடையே போட்டி இருந்தது, கசப்பும் இருந்தது. ஆனாலும் கேட்பவரின் மொழியை மதித்தது இருவருக்கும் பொது. மற்றவர் நம்பிக்கையை இகழ்ந்து பேசும் ஒலிபரப்பு ஊரைப் பிளக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கும் உள்ளூர் அலைவரிசையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். இந்த ஊழியத்தில் இறங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே மத அமைப்புகளுக்குத் தனியார் எஃப்.எம். உரிமம் கிடையாது. அதனால் தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் நெடுங்காலம் கடல் தாண்டித்தான் வந்தன. இலங்கையின் ஒலிபரப்பில் வந்த வேதாகம நிகழ்ச்சிகளும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் பல வீடுகளில் பழகிய குரல்கள். வேரித்தாஸ் 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறிவிட்டது.

கீட்டோவிலும் காலம் மாறியது. நகரத்துக்குப் புதிய விமான நிலையம் வந்தபோது, அதற்கு அருகே பீஃபோவில் நின்ற உயரமான சிற்றலைக் கோபுரங்களை இறக்க வேண்டியதாயிற்று. 2009இல் அந்த ஒலிபரப்பு முடிந்தது. உலகத்தை எட்டிய நிலையம் தன் ஊருக்கே திரும்பி, கீட்டோவில் 89.3 எஃப்.எம்.மில் ஸ்பானிஷில் பேசுகிறது. அதன் பொறியாளர்களின் அனுபவம் இப்போது வேறு நாடுகளுக்குப் பயன்படுகிறது. அங்கங்கே உள்ள சபைகள் சொந்தமாகச் சிறு எஃப்.எம். நிலையம் அமைக்கக் கருவியும் பயிற்சியும் தருகிறார்கள். நிலையத்தை நடத்துவதும் நிகழ்ச்சி தயாரிப்பதும் அந்தந்த ஊர்க்காரர்களின் பொறுப்பு.