புழுதிப் பாதையில் ஏர் ஃபில்டர்

பெட்ரோல் இன்ஜின் பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் குடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். 200 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும் கணக்கில் நிமிடத்துக்கு 600 லிட்டர் உள்ளே போகவேண்டும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிறைவதில்லை. அதனால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் மணிக்கு 29 கன மீட்டர் அளவில் நிற்கும். இந்தக் காற்று முழுவதும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறது. அந்த வாசலில் இருப்பது ஏர் ஃபில்டர்.

தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு இதன் அருமை தெரிவதில்லை. மண் தடத்தில் இறங்கியதும் நிலைமை மாறுகிறது. திண்டுக்கல்லுக்கு மேற்கே கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது ஆத்தூர். காமராசர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய தடங்கள், தென்னந்தோப்புகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதைகள், செம்பட்டிப் பக்கத்துச் செம்மண் காடுகள் எல்லாம் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, ஆடி மாதத்தில் இங்கே வந்து சேர்வது காற்று மட்டும்தான். அந்தக் காற்றில் எழும் புழுதிதான் டர்ட் பைக்குக்கும், தோப்புக்கு உரமூட்டை ஏற்றிப்போகும் மொபெட்டுக்கும் பொதுவான எதிரி.

புழுதி எல்லாம் ஒன்றல்ல. திண்டுக்கல் வட்டாரத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகையைச் சேர்ந்தவை. இவை சிதைந்து மண்ணாகும்போது மற்ற கனிமங்கள் களிமண்ணாக மாறினாலும் குவார்ட்ஸ் துகள்கள் அப்படியே மிஞ்சுகின்றன. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. கண்ணாடி ஏறக்குறைய 5.5. செம்மண்ணின் சிவப்பு துணியைக் கெடுக்கும். அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் இன்ஜினைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியும் மணல் பெரிய சிக்கல் இல்லை. அது கனமானது, எளிதில் கீழே விழுந்துவிடும். ஆபத்தானவை 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்பதை வைத்து இவற்றின் நுண்மையை ஊகிக்கலாம். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். அதைவிடச் சற்றே பெரிய துகள் அங்கே புகுந்தால் இரண்டு பக்கமும் உராய்ந்து இரண்டையும் தேய்க்கும். தேய்ந்த உலோகத் தூளும் எண்ணெயோடு சேர்ந்து சுற்றி வந்து மேலும் தேய்க்கும்.

எவ்வளவு தூசி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முன்னால் போகும் வண்டியே தெரியாத அளவுக்குப் புழுதி எழுந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான தூசி இருப்பதாக ஃபில்டர் சோதிப்பவர்கள் கொள்கிறார்கள். மேலே சொன்ன 200 சி.சி. இன்ஜின் அப்படிப்பட்ட புழுதியில் ஒரு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் அதன் வாசலுக்கு வரும் தூசி 25 கிராம். நூற்றுக்கு 99 பங்கைத் தடுக்கும் ஃபில்டர் கால் கிராமை உள்ளே விடும். 97 பங்கைத் தடுப்பது முக்கால் கிராமை விடும். விளம்பரத்தில் 97-க்கும் 99-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இன்ஜினுக்கு அது மூன்று மடங்கு தேய்மானம். இந்த விகிதங்களை அளக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அதற்கென்றே தரம் பிரித்த தூசியும் விற்பனைக்குக் கிடைக்கிறது. அரிசோனா பாலைவன மண்ணிலிருந்து எடுப்பதால் அதற்கு அரிசோனா தூசி என்றே பெயர்.

இந்தியச் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர். ரெசின் ஊட்டிய செல்லுலோஸ் காகிதம் அது. புதிதாக மாட்டியபோதுதான் அதன் தடுக்கும் திறன் மிகக் குறைவு என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகு அந்தப் படலமும் சேர்ந்தே வடிகட்டுகிறது. ஆகவே வாரம் ஒருமுறை கழற்றித் தட்டி, கம்ப்ரஸர் காற்றால் ஊதிப் பளிச்சென ஆக்குவது இன்ஜினுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் அழுத்தத்தில் காகிதத்தில் ஊசித்துளை விழுந்தால் அது கண்ணுக்கும் தெரியாது. எண்ணெய் ஊட்டிய காகித ஃபில்டர்களை ஊதவே கூடாது, கழுவவும் கூடாது. பயனர் கையேடு சொல்லும் தூரத்தில் மாற்றவேண்டும், புழுதியில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றவேண்டும்.

மண் தடத்துக்கென்றே உருவான பைக்குகளில் காகிதம் இருக்காது. எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்ச் இருக்கும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100-இலும் ஸ்பாஞ்ச்தான். இந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன் நுரை. ஆனால் மெத்தைக் கடையில் கிடைக்கும் நுரை அல்ல. நுரை உருவாகும்போது அதன் நுண்ணறைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வுகள் இருக்கும். மூடிய அறைக்குள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நிரப்பிப் பற்றவைத்து, கணநேரத் தீயில் அந்தச் சவ்வுகளை மட்டும் எரித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வலைப்பின்னலான எலும்புக்கூடு. காற்று எந்தத் திசையிலும் தடையின்றிப் போகும். பழைய வண்டிக்கு ஃபில்டர் கிடைக்கவில்லையென்று மெத்தை ஸ்பாஞ்சை அளவுக்கு வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. சவ்வு எரிக்காத நுரை காற்றை அடைக்கும்; அடைக்காத இடங்களில் தூசியை விடும். இரண்டு வகையிலும் நட்டம்.

எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச் வெறும் சல்லடை. அதன் துளைகள் ஆபத்தான துகள்களைவிடப் பலமடங்கு பெரியவை. வேலையைச் செய்வது எண்ணெய்தான். காற்று வலைப்பின்னலுக்குள் வளைந்து நெளிந்து போகும்போது துகள்கள் அதே வேகத்தில் திரும்ப முடியாமல் நுரையின் இழைகளில் மோதுகின்றன. இழை உலர்ந்திருந்தால் துகள் எகிறிப் போய்விடும். பிசுபிசுப்பாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். தூசி மேற்பரப்பில் மட்டும் படியாமல் நுரையின் ஆழம் முழுவதும் பரவித் தங்குவதால், காகிதத்தைவிட அதிகத் தூசியை வாங்கிக்கொண்டும் இது மூச்சு முட்டாமல் இருக்கிறது. பழைய டிராக்டர்களில் கீழ்க்கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைக்கும் ஏர் கிளீனரும் இதே தத்துவத்தில் இயங்கியதுதான். உழவு முடிந்து அந்தக் கிண்ணத்துச் சேற்றை வழித்துக் கொட்டியவர்களுக்கு ஒரு நாள் புழுதியின் எடையை யாரும் விளக்கத் தேவையில்லை.

சுத்தம் செய்யும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். கழற்றுவதற்கு முன் சீட்டையும் பக்கப் பலகையையும் துடைத்துவிடவேண்டும், இல்லையேல் மேலே இருக்கும் மண் ஏர் பாக்ஸுக்குள் கொட்டும். ஃபில்டரை எடுத்ததும் இன்ஜினுக்குப் போகும் குழாய் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கவேண்டும். ஸ்பாஞ்சை முதலில் ஃபில்டர் கிளீனரில் அல்லது மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிப் பழைய எண்ணெயைப் போக்கவேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காத இடங்களில் டீசல் கைகொடுக்கும். பெட்ரோல் கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். இரண்டு அடுக்கு நுரையை இணைக்கும் பசையை அது இளக்கிவிடும் என்பது மற்றொன்று. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் அழுக்கு போகும்படி அலசவேண்டும். துணி பிழிவதுபோல் முறுக்கினால் தையலும் ஒட்டும் பிரியும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கினால் போதும். நிழலில் முழுக்க உலரவேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் பிடிக்காது.

எண்ணெய் போடுவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஃபில்டர் எண்ணெயில் ஆவியாகும் கரைப்பான் கலந்திருக்கும். போடும்போது நீர்த்துப் பரவி, கரைப்பான் போனதும் பசைபோல் நிற்கும். அதனால் போட்டவுடன் வண்டியைக் கிளப்பாமல் சிறிது நேரம் விடவேண்டும். ஆர்.எக்ஸ். காலத்திலிருந்து இருக்கும் வழக்கப்படி இன்ஜின் ஆயிலோ 2டி ஆயிலோ போடுபவர்களும் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் நீர்த்த எண்ணெய் மெல்ல வழிந்து நுரையின் அடியில் தேங்கும். மேல்பாதி உலர்ந்து தூசியை விடும். சில நாள் நிறுத்திவைத்த வண்டியில் இதைத் தொட்டே பார்க்கலாம். எண்ணெயை ஊற்றியபின் நுரையைக் கையால் பிசைந்து, நிறம் எங்கும் ஒரே சீராக வரும்வரை பரப்பி, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிடவேண்டும். எண்ணெயில் நிறம் சேர்ப்பதே இதற்காகத்தான். உள்ளே வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே தூசிக்கு வழி இருக்கிறது என்று பொருள்.

இத்தனையும் செய்து, மாட்டும்போது கோட்டைவிட்டால் பயனில்லை. ஃபில்டர் பராமரிப்பில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதன் விளிம்பு. ஃபில்டர் அடைபட்டால் வண்டி தானே சொல்லிவிடும்: இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், கார்புரேட்டர் வண்டியானால் கரும்புகையும் வரும். விளிம்பு சரியாக உட்காராமல் தூசி கசிந்தால் வண்டி ஒன்றும் சொல்லாது. காற்று தாராளமாகக் கிடைப்பதால் இன்னும் உற்சாகமாகவே ஓடும். ரிங் தேய்ந்து எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும்போதுதான் தெரியும். அதற்குள் ரீபோர் செய்யும் கட்டம் வந்திருக்கும். ஆகவே புழுதியில் ஓட்டுகிறவர் அஞ்சவேண்டியது அடைப்பைவிடக் கசிவுக்குத்தான். விளிம்பிலும் அது உட்காரும் இடத்திலும் மெல்லிய கிரீஸ் பூசி, கம்பிக் கூட்டில் சுருக்கமில்லாமல் பொருத்தி, எல்லாப் பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்க்கவேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், கழன்றுபோன ஏர் பாக்ஸ் வடிகுழாய் மூடி ஆகியவையும் அதே ஆபத்தைத் தரும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள குழாயின் உட்சுவரில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு ஒரு நாள் ஓட்டவேண்டும். மறுநாள் அந்தக் கிரீஸை விரலில் எடுத்து நெருடினால் நறநறவென்று இருக்கக்கூடாது.

ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கார்புரேட்டர் வாயில் நேரே மாட்டும் திறந்த ஃபில்டர்கள் சத்தத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் விற்பனையாகின்றன. பந்தயச்சாலையில் அவற்றுக்கு இடம் இருக்கலாம். பின்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் நேரே படும் இடத்தில் ஃபில்டரை நிறுத்துவது, சீட்டுக்கு அடியில் அமைதியான மூலையைத் தேடி வைத்த வடிவமைப்பாளரின் உழைப்பைத் தூக்கி எறிவதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கிலோமீட்டரில் விடை இல்லை. தார்ச்சாலையில் 3,000 கிலோமீட்டர் தாங்கும் ஸ்பாஞ்ச், ஆடிக்காற்றில் தோட்டத்துத் தடத்தில் ஒரே நாளில் நிறைந்துவிடலாம். குழுவாகப் போகும்போது முதல் வண்டியின் ஃபில்டர் ஏறக்குறையச் சுத்தமாகவும் கடைசி வண்டியினுடையது செங்கல் நிறத்திலும் வரும். இடைவெளி விட்டு ஓட்டுவதே பாதிப் பராமரிப்பு. போட்டிகளில் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரை மாற்றிவிடுவதே வழக்கம். டக்கார் ராலியில் 2015-இல் ஓட்டத்தை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ், 2024-இல் ராலி 2 பிரிவை வென்றவர் ஹரித் நோவா, அவர் ஓட்டியது டி.வி.எஸ். அணியின் ஷெர்கோ பைக். அந்த ராலியின் தடங்களில் ஃபெஷ்-ஃபெஷ் என்று வீரர்கள் அழைக்கும், முகப்பவுடர் போன்ற நுண்தூசிக் குழிகள் வரும். அத்தகைய இடத்தில் உலர்ந்த ஃபில்டரோடு இறங்குவதை எந்த மெக்கானிக்கும் அனுமதிக்கமாட்டார்.

வார இறுதியில் மட்டும் மண் தடத்தில் ஓட்டுபவருக்கு மூன்று ஸ்பாஞ்ச் இருந்தால் போதும்: ஒன்று வண்டியில், ஒன்று எண்ணெய் போட்டு மூடிய பிளாஸ்டிக் பையில், மற்றொன்று கழுவி உலர்ந்த நிலையில். வெளியே மாட்டும் மெல்லிய உறையும் கிடைக்கிறது. பருந்தூசியை அது பிடித்துக்கொள்ளும்; இடைவேளையில் உருவி எறிந்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். மழைக்காலத்தில் தூசி அடங்கினாலும், ஓடையைக் கடக்கையில் ஏர் பாக்ஸில் தண்ணீர் ஏறியதா என்று பார்த்துவிடவேண்டும். வண்டியைப் பம்பில் கழுவும்போது காற்று வாசலுக்கு நேரே தண்ணீர் அடிக்கக்கூடாது. பாலியூரித்தேன் நுரை என்றென்றும் நிலைப்பதில்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் அது உதிரத் தொடங்கும், உதிர்ந்த துணுக்குகளை இன்ஜினே இழுத்துக்கொள்ளும். விரலால் கிள்ளினால் பிய்ந்து வரும் நிலையில், அல்லது ஒட்டுப்பகுதி வாய்பிளந்த நிலையில், அந்த ஸ்பாஞ்சைக் கழுவாமல் குப்பையில் போட்டுவிடவேண்டும்.