“பெட்டி ஃபுல்” என்கிறார்களா? எந்தப் பெட்டி என்று கேளுங்கள்

“பெட்டியில் இடம் இல்லை அய்யா, யாராவது விட்டால் சொல்கிறேன்.” ஆடியில் விண்ணப்பம் கொடுத்த எனக்குத் தை வரை கிடைத்த பதில் இது ஒன்றுதான். எங்கள் கடைவீதியில் ஃபைபர் கம்பி வந்து சில வருடங்கள் ஆகின்றன. கம்பி என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் எனக்கு இணைப்பு இல்லை.

கடைக்கு மேலேயே குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டு பிராட்பேண்ட் என்பது பேரப்பிள்ளைகள் சினிமா பார்க்க மட்டும் அல்ல. பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, ஷட்டரை இறக்கிய பிறகுதான் பில்களை ஏற்ற நேரம் கிடைக்கிறது. ஐப்பசி மாதம் 11ஆம் தேதி விழுந்த ஒரு இரவில், செல்போன் நெட்டை நம்பி ஜி.எஸ்.டி.ஆர்.1 ஏற்ற உட்கார்ந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 12ஆம் தேதி காலையில்தான் ஏறியது. அந்த ஒரு இரவுத் தாமதத்தால் என்னிடம் சரக்கு எடுத்த கடைக்காரர்களின் பில்கள் அந்த மாத 2பி பட்டியலில் வரவில்லை. அவர்களுடைய உள்ளீட்டு வரி ஒரு மாதம் தள்ளிப்போனது. இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், “அண்ணாச்சி, உங்கள் பில் காணவில்லை, அதுவரை வரிப்பணத்தை நிறுத்தி வைக்கிறேன்” என்றார். அவர் மேல் தவறு இல்லை. தாமதக் கட்டணம் கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தச் சொல்தான் உறுத்தியது.

1980களில் டெலிபோனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓ.ஒய்.டி. என்று அதிக டெபாசிட் கட்டியவர்களுக்கு முன்னுரிமை உண்டு. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைதான் 1997க்குள் கேட்டவுடன் டெலிபோன் என்று இலக்கு வைத்தது. அந்தக் காலத்தைக் குறை சொன்னாலும், அன்று கையில் ஒரு பதிவு எண் இருந்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று விசாரிக்கலாம். இன்று “சொல்கிறேன்” என்ற வாய்வார்த்தைதான்.

சரி, நிரம்புவது என்றால் என்ன? எனக்கு இதை விளக்கியது கம்பம் ஏறி வேலை செய்யும் ஒரு தம்பி. நிறுவனத்தின் அலுவலகத்தில் உள்ள கருவியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு ஒரே ஒரு கண்ணாடி இழை புறப்படுகிறது. அதில் ஓடுவது வெளிச்சம். வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு சாதனம் அந்த வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. முதலில் நான்காக, பிறகு தெருமுனைப் பெட்டியில் ஒவ்வொன்றும் எட்டாக, ஆக 32 வீடுகள். சில இடங்களில் 64 வரை போகிறார்கள். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு இழையில் இறங்கும் மொத்த வேகம் சுமார் 2,500 எம்.பி. 32 பேரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தால் தலைக்கு 78 எம்.பி. வரும். நம் கணக்கு வழக்குக்கு அதில் பாதி போதும்.

ஆகவே “ஃபுல்” என்பதற்கு மூன்று பொருள் உண்டு. கம்பத்துப் பெட்டியின் எட்டு வாசலும் அடைந்திருக்கலாம். இது மிகச் சிறிய விஷயம். அலுவலகக் கருவியில் போர்ட் தீர்ந்திருக்கலாம், அல்லது நம் தெருவுக்கு வரும் கேபிளில் மிச்ச இழை இல்லாமல் இருக்கலாம். இதற்கு நிறுவனம் முதல் போட வேண்டும். மூன்றாவது, வாசல் இருந்தும் மாலை நேரத்தில் நெரிசல். அதற்குத் தெருவைத் தோண்டவே வேண்டாம், அலுவலகத்திலும் வீட்டிலும் கருவியை மாற்றினால் அதே கண்ணாடி இழையிலேயே 10,000 எம்.பி. வரை அனுப்பும் முறை வந்துவிட்டது. மூட்டை ஏறவில்லை என்றால் கோணி கிழிந்ததா, லாரி நிறைந்ததா, செக்போஸ்ட்டில் நிற்கிறதா என்று நாம் கேட்போம் அல்லவா? இதில் மட்டும் கேட்காமல் திரும்பி வருகிறோம்.

நான் கேட்டேன். “முதலாளி, உங்கள் கம்பத்துப் பெட்டிதான்” என்றான் தம்பி. “எட்டும் ஓடுகிறதா?” என்றேன். தலையைச் சொறிந்தான். மறுநாள் ஏணி போட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தான். எட்டில் இரண்டு செத்த கம்பி. ஒன்று, காலி செய்துபோன வாடகை வீட்டுக்காரருடையது. இன்னொன்று, 2022இல் மூடப்பட்ட எதிர்சாரி மளிகைக் கடையினுடையது. அந்தக் கடை அண்ணன் என்னிடம் முப்பது வருடம் சரக்கு எடுத்தவர். கல்லாவும் தராசும் போன பிறகும், அவர் கடைக்குப் போகும் வெளிச்சத்தை யாரும் நிறுத்தவில்லை. பூட்டிய ஷட்டருக்குள் அது மூன்று வருடம் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாசல்தான் இன்று என் வீட்டுக்கு வருகிறது. மீட்டர் மைனஸ் 22 காட்டியது. அது நல்ல அளவு என்றான். மைனஸ் 27க்கும் கீழே போனால் மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரியுமாம். கம்பியைச் சுவர் மூலையில் இறுக்கி மடக்கி ஆணி அடித்தாலே வெளிச்சம் கசிந்துவிடும். என் வீட்டு ஆசாரி அப்படித்தான் அடிக்கப் போனார், நல்லவேளையாகத் தம்பி பார்த்துவிட்டான்.

எட்டும் உண்மையாகவே ஓடினால், அடுத்த தெருப் பெட்டியிலிருந்து இழுக்கச் சொல்லலாம். கண்ணாடி இழைக்கு 300 மீட்டர் ஒரு தூரமே அல்ல. ஆனால் கடைவீதியின் குறுக்கே தாழ்வாகக் கட்டினால் உயர லோடு ஏற்றிய முதல் லாரியே அறுத்துவிடும். 2023 முதல் 5ஜி கோபுரத்திலிருந்து மாடிக்கு வாங்கும் ஏர்ஃபைபரும் பல ஊர்களில் கிடைக்கிறது. கோபுரத்திலும் கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும். எனவே பணம் கட்டுமுன் இரவு ஒன்பது மணிக்கு அதே நிறுவனத்தின் 5ஜி செல்போனை மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்துக் கடையின் வைஃபையைப் பங்கு போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதில் யார் என்ன செய்தாலும் பெயர் இணைப்புக்காரருடையது.

இரண்டாவது செத்த வாசல் எங்கள் வரிசை எண்ணெய்க் கடைக்காரருக்குப் போனது. இன்னும் ஐந்து கடைகள் காத்திருக்கின்றன. தனித்தனியாகக் கேட்டபோது “பார்க்கலாம்” என்றவர்கள், ஐந்து பேரும் கையெழுத்திட்டு, ஆறு மாதச் சந்தா முன்பணமாகத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தவுடன் வந்து கம்பத்தை அளந்துவிட்டுப் போனார்கள். இன்னொரு எட்டு வாசல் பெட்டி மாட்டப் பங்குனிக்குள் வருவதாகத் தேதி எழுதி வாங்கியிருக்கிறோம். அந்தக் கடிதத்தின் நகல் நம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. தேவைப்படும் உறுப்பினர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.